கடலியல், சேலைப் பிரிவு

எங்கள் வீட்டுப் பின்னறையில் கடல் இருக்கிறது. நான் கடலியல் படித்தவன். ஈரோட்டில் யார் எதைப் படித்தாலும் படித்தது கூடவே வீட்டுக்கு வந்துவிடும். வேலை வருவதுதான் நிச்சயமில்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு நான் ஊர் திரும்பிய அன்று கடல் என் பின்னாலேயே பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சங்ககிரி தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் விசாரித்தார்.

"என்ன படிப்புங்க தம்பி?"

"கடலியலுங்க."

"செரமந்தான்" என்றார். பிறகு தூங்கிவிட்டார். ஈரோட்டில் இறங்க வேண்டியவர், பெருந்துறை வரை தூங்கிக்கொண்டே போனாராம்.

அவர் சொன்னது பலித்தது. ஈரோட்டில் கடல் இருந்தது, கடலுக்கான வேலை இல்லை. கொஞ்ச நாள் தேடினேன். பிறகு கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்து இருபது வருடம் ஆகிறது.

வேலை என்னவென்றால், அக்காமார்கள் வந்து மெத்தையில் உட்காருவார்கள். நான் அலமாரியிலிருந்து சேலையை எடுத்து அவர்கள் முன்னால் உதறி விரிப்பேன். உதட்டைப் பிதுக்கினால் அடுத்ததை விரிப்பேன். யோசித்தால் முந்தானையை என் தோளிலேயே போட்டு, கொசுவம் பிடித்துக் காட்டுவேன். மீசை வைத்த ஆள் சேலை கட்டி நிற்கிறானே என்று யாரும் சிரிப்பதில்லை. அவர்கள் பார்டரைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவைத் திறந்து கடலில் முழங்கால் வரை இறங்கி நிற்பேன். நாளெல்லாம் நின்ற காலுக்கு உப்புத் தண்ணீர் நல்லது. எனக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். அந்த அறை சின்ன அறை. ஒரு கட்டிலும் பீரோவும் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஆனால் எதிர்ச் சுவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆடி அமாவாசை அன்று தெருப் பெண்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு வருவார்கள். ராமேஸ்வரம் போய்வரும் செலவு மிச்சம் என்று சொல்லி மொண்டுகொண்டு போவார்கள். நான் வேண்டாமென்று சொல்வதில்லை.

என் மனைவி பூங்கோதை புள்ளியியல் படித்தவள். அதனால் எங்கள் வீட்டில் சராசரி மனிதர் ஒருவர் இருக்கிறார். நடுத்தர உயரம். நடுத்தர நிறம். வீட்டுக்குள்ளும் வராமல் வெளியிலும் போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். சராசரியண்ணன் என்று கூப்பிடுவோம். பூங்கோதை ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். டோக்கனை எண்ணித்தான் கொடுக்கிறாள் என்பதால் அவளுடைய படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டு என்று அதைப் பார்க்கிற அலுவலகத்தில் தீர்ப்பாகிவிட்டது. அதிர்ஷ்டக்காரி.

எனக்குத் தீர்ப்பாகவில்லை. அதற்குத்தான் அன்று காலையில் ஆட்டோ வந்தது.

ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஜவுளித் தள்ளுபடி, கொசு மருந்து, காணாமல் போனவர்கள் எல்லாவற்றுக்கும் வருகிற அதே ஆட்டோதான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! படித்தது ஒன்று, செய்வது ஒன்று என இருபது ஆண்டுகளைக் கடந்தவர்கள் இரண்டில் ஒன்றை இன்று மாலைக்குள் இழக்க வேண்டும். எதை இழப்பது என்பதை அலுவலகம் முடிவு செய்யும். சென்னியப்பன், கடலியல், சேலைப் பிரிவு. பாடத்தையும் உடன் அழைத்து வரவும். சென்னியப்பன், கடலியல்..."

என் பெயரை அது தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனது.

இதுவரை அலுவலகம் பாடத்தைத்தான் எடுத்திருக்கிறது. வேலையை எடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சோறு போடுவதை விட்டுவைத்து, போடாததை எடுத்துக்கொண்டு போவார்கள். நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கடல் வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெறும் கால் வீக்கத்துக்கு என்றால் வாளியில் கல்லுப்பைக் கரைத்துக்கொள்ளலாம்.

பூங்கோதை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப என்னுங்க பண்றது?"

"போய்த்தான் பாக்கோணும்."

"ரெண்டையும் உட்டுராம வாங்க. கடலு போனா வூடு வெறிச்சுன்னு போயிரும். வேல போனா சோத்துக்கு என்ன பண்றது?"

சராசரியண்ணன் நிலைப்படியிலிருந்து சொன்னார்.

"பொதுவா ஒண்ணும் ஆகாதுங்க. ஆகறவங்களுக்கு ஆகும்."

நான் பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் கடலை மொண்டேன். முழுக் கடலும் குடத்துக்குள் வந்தது. பின்னறையிலும் முழுக் கடலும் இருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

தெருவுக்கு வந்தால் எதிர்ப்பக்கம் திருமூர்த்தி நின்றிருந்தார். எதிர்வீட்டுக்காரர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர். கட்டடப் பொறியியல் படித்துவிட்டு லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு பாலம் கிளம்பி வானத்துக்குள் போகும். அதில் துணி காயப்போடுவார்கள். போன மாதம் அலுவலகம் பாலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவரால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் நின்றபடியே ஒரு மாதம் ஆகிறது. அவர் மனைவிதான் டிபன் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

நான் ரோட்டைக் கடந்து அவரிடம் போனேன்.

"எடுக்கறப்ப வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க சென்னியப்பண்ணா. லேசா ஆயிருச்சு. அதுதான் பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் லேசாத்தான் இருக்குது. காத்தடிக்குதுங்க, கொஞ்சம் என்ர சட்டையப் புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். அவருடைய செருப்பு தரையில் படவில்லை. காற்று நின்ற பிறகு மெதுவாக இறக்கிவிட்டேன். அவர் நன்றி சொன்னார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் அலுவலகத்துக்கு நடந்தேன்.

அலுவலக வாசலில் காவலர் இருந்தார்.

"என்ன படிச்சிருக்கறீங்க?"

"கடலியலுங்க."

"அது எந்தப் பக்கம்னு எனக்கே தெரியலீங்க. எந்தப் பக்கம் ஈரமா இருக்குதோ அந்தப் பக்கம் போங்க."

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நடைவழி. பொறியியல் நடைவழியில் நின்ற வரிசை கட்டடத்துக்கு வெளியே வந்து, பவானி வரை போய், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. பாதிப் பேர் முதுகில் சாப்பாட்டுப் பை தொங்கியது. அந்தச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர்களும் அதே வரிசையில்தான் பின்னால் நின்றார்கள். பிரியாணி கைமாறிக் கைமாறி நகர்ந்துகொண்டிருந்தது.

மருத்துவத்துக்கு நடைவழியே கிடையாது. கதவைத் திறந்தால் நேராக வார்டு. எனக்கு முன்னால் ஒரு பெண் அந்தக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவளை இழுத்துக்கொண்டது. கதவு மூடிக்கொண்டது. அவளுடைய அம்மா வெளியே நின்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

என் நடைவழியில் வரிசை இல்லை. தரை ஈரமாக இருந்தது. நான் நடக்க நடக்க அது நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. வழியில் மற்ற பாடங்களின் கதவுகள் திறந்து கிடந்தன.

ஒரு கதவுக்குள் மலை ஒன்று உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் பங்க் சீருடை போட்ட ஒல்லியான ஆள் அதன்மேல் கை வைத்தபடி நின்றார். நிலவியல் படித்தவர்.

"குடுத்தரப் போறீங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. செரின்னு சொல்லிட்டேன். இது நகர மாட்டேங்குது."

மலை அவரைப் பார்க்காத மாதிரி இருந்தது. ஆனால் மலையின் நிழல் அவர் மேல் மட்டும் விழாமல் ஒதுங்கியிருந்தது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இன்னொரு கதவருகே செல்போன் கடையில் சிம்கார்டு விற்கிற பெண் நின்றாள். வரலாறு படித்தவள். அவளுக்குப் பின்னால் யானைப்படை. முகபடாம் போட்ட யானைகள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசி தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் புழுதியும் முரசுச் சத்தமும் இருந்தன. யானைகள் எனக்கு வழி இல்லாமல் நடைவழியை அடைத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் ஒதுங்குங்க சாமிகளா, அண்ணன் கொடத்தோட வர்றாரு" என்றாள்.

அத்தனை யானைகளும் ஒதுங்கின. நான் அவற்றின் கால்களுக்கு இடையில் நடந்தேன். என் வாய் திறந்தே இருந்தது, மூடத் தோன்றவில்லை. தினம் காலையில் அவள் இந்தப் படையைத் தெருவில் நிறுத்திவிட்டுத்தான் கடை ஷட்டரைத் தூக்குகிறாள். இதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நடைவழி ஒரு மேசைக்கு முன்னால் முடிந்தது. மேசைக்குப் பின்னால் அலுவலர் வசுமதி இருந்தார். மடியில் கைப்பை.

"பாடம்?"

"கடலியலுங்க."

"வேல?"

"சேலைங்க."

"தொடர்பு?"

நான் குடத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினேன்.

"பாடத்தக் கொண்டாந்திருக்கறீங்களா?"

குடத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குடத்துக்குள் ஆழத்தில் ஏதோ பெரியது ஒன்று கடந்து போனது. அதன் தலை போய், உடம்பு போய், இன்னும் உடம்பு போய், வால் போவதற்குள் அவருடைய டீ ஆறிப்போனது.

"இது சாம்பிளா, முழுசா?"

"முழுசுங்க. மொண்டா கொறையாதுங்க."

அவர் பேனா எடுக்கக் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். அறை இருட்டானது. பைக்குள் வானம் இருந்தது. நட்சத்திரங்கள் அடிவரைக்கும் போயின. அவர் கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். பேனா கிடைத்தது. முனையில் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டியிருந்தது.

"மேடம் என்ன படிச்சீங்க?"

"வானியல்."

"உங்களுக்கும் இருபது வருசம் ஆயிருக்குமுங்களே?"

"ஆச்சு."

"அப்புறம் எப்படிங்க..."

"இங்க முடிவு பண்றது நானு" என்று ஜிப்பை இழுத்து மூடினார். அறையில் பகல் திரும்பியது.

பிறகு கொஞ்சம் இறங்கி வந்த குரலில் சொன்னார்.

"நேர்ல வந்து பாக்கறனுங்க. நீங்க வேல செய்யறப்ப படிச்சது அதுல இருக்குதான்னு பாக்கறேன். இருந்துச்சுன்னா ரெண்டும் உங்களுக்கே. இல்லீன்னா ஒண்ணு போயிரும். வண்டியக் கீழ நிறுத்தச் சொல்லியிருக்கறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஒரு குட்டி யானை நின்றது. நடைவழியில் பார்த்த யானை இல்லை, சாமான் ஏற்றுகிற வண்டி. அதில் எப்படிக் கடலை ஏற்றுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பாலத்தையும் இதில்தான் ஏற்றினார்கள்.

கடைக்குப் போனோம். மூன்றாவது மாடி. சூப்பர்வைசர் பிரகாசம் என்னைப் பார்த்து முறைத்தார்.

"எங்கண்ணா போனீங்க? முகூர்த்த நாளு, கூட்டத்தப் பாத்தீங்களா?"

குடத்தை ஓரமாக வைத்துவிட்டு என் இடத்தில் நின்றேன். அலுவலர் எதிரே மெத்தையில் உட்கார்ந்தார். அங்கேதான் நான் தவறு செய்தேன். தொடர்பை நிரூபிக்க என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நீரோட்டம், உப்பின் அளவு, நிலாவின் இழுப்பு எல்லாம் நினைவுபடுத்தி வைத்திருந்தேன். ஆனால் மெத்தையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"வாங்க்கா, பட்டுங்களா, காட்டனுங்களா?"

"நான் வாங்க வரலீங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க்கா சொல்லுவாங்க. சும்மா பாருங்க. பாக்கறதுக்குக் காசா, பணமா?"

அலமாரியிலிருந்து ஒரு நீலச் சேலையை எடுத்து உதறினேன். சேலை விரிவதற்கு முன்னால் குடத்திலிருந்து ஓர் அலை எழுந்து வந்து மெத்தைமேல் விரிந்தது.

சத்தமே இல்லை. ஓரத்தில் நுரை மட்டும் மெல்லிசாக ஓடியது. அலுவலர் காலை இழுத்துக்கொண்டார். நான் திகைத்துப்போய் அடுத்த சேலையை உதறினேன். அடுத்த அலை வந்தது. இது பச்சை. இதற்குள் மீன்கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் திரும்பியது, வெள்ளியாக மின்னியது. பக்கத்து மெத்தையில் கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இது என்ன வெலைங்க?" என்று கேட்டார்.

என் கைதான் வேலை செய்கிறது என்று முதலில் நினைத்தேன். ஐந்தாவது அலையில் கையை நிறுத்திப் பார்த்தேன். அலை நிற்கவில்லை. அதுவாக வந்தது. அதுவாக விரிந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்ததற்கு இடம் விட்டு ஒதுங்கியது. இருபது வருடத்தில் என் தோளும் கையும் கற்றுக்கொண்டதை அது முன்பே தெரிந்து வைத்திருந்தது.

இதற்குள் பிரகாசம் ஓடிவந்தார். எங்கள் கடையில் விரித்த சரக்கு விரித்தபடி கிடக்கக் கூடாது. அவர் எதையும் கேட்கவில்லை. சேல்ஸ் பெண்கள் இருவரைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். முனையோடு முனை சேர்த்து, உதறி, நீவி, எட்டாக மடித்து, அட்டை வைத்து, அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். அத்தனை அலைகளையும்.

கடல் மடிந்தபடியே இருந்தது. கீழ்த்தட்டில் மட்டும் லேசாகச் சொட்டியது.

"இந்த லாட்டு எப்ப வந்துச்சுங்க? ஸ்டிக்கரே ஒட்டல" என்றார் பிரகாசம்.

அலுவலர் எழுந்து அலமாரியிடம் போனார். மடித்து வைத்த ஓர் அலைமேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். அவர் கைப்பையின் ஜிப் தானாக இரண்டு பல் திறந்துகொண்டது.

நான் மெதுவாகக் கேட்டேன்.

"தொடர்பு இருக்குதுங்களா மேடம்?"

"இருக்குது."

எனக்கு உயிர் வந்தது.

"உங்களுக்கில்ல. கடலுக்கு" என்றார். "நீங்க சேலைய விரிச்சீங்க. அதுக்கு முன்னாடியே அது விரிச்சிருச்சு. இந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கோணுமோ, அந்தப் படிப்பே கடல்தான். அதுக்கே வேலயக் குடுத்தர்றனுங்க."

"அப்ப நானு?"

"ரெண்டுல ஒண்ணு போகோணுமில்லீங்களா? உங்களுக்கு வேல போகுது. கடலு இருக்குது."

"சம்பளமுங்க?"

"கடலுக்குப் போகும்."

"வூட்டுச் செலவுக்கு?"

"கடல்கிட்டக் கேளுங்க. கூடத்தான இருக்கறீங்க."

வண்டி ஆட்கள் மாடிக்கு வந்தார்கள். மெத்தையைச் சுருட்டினார்கள். நான் நின்று நின்று தேய்ந்த டைல்ஸைப் பெயர்த்தார்கள். முந்தானை போட்டுப் போட்டு என் தோளில் விழுந்திருந்த சாய்வை எடுத்தார்கள், தோள் நிமிர்ந்துகொண்டது. "வாங்க்கா" என்று சொல்லும்போது வருகிற சிரிப்பை ஒரு ஆள் பதமாகக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். அலமாரியிலிருந்த அலைகளையும் குடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் குட்டி யானைக்குள் அடங்கிவிட்டது. இருபது வருடத்து வேலைக்கு இன்னும் பெரிய வண்டி தேவைப்படும் என்று நினைத்திருந்தேன். மனசு வலித்தது.

வண்டி கிளம்பியதும் பிரகாசம் என்னைப் பார்த்தார். அவர் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவன் நான்.

"வாங்கண்ணா. வூட்டுல அக்காவக் கூட்டிட்டு வரலீங்களா? எந்த ரேஞ்சுல பாக்கறீங்க?"

"பிரகாசம், நாந்தான்யா."

"ஆமாங்கண்ணா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அவருக்கு என்னைத் தெரியவில்லை. வாடிக்கையாளருக்கு வைத்திருக்கிற மரியாதை முழுவதையும் எனக்குக் கொடுத்தார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படியிறங்கி வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் வண்டித் தடம் இருந்தது. பூங்கோதை நிலைப்படியில் நின்றிருந்தாள். சராசரியண்ணனைக் காணவில்லை. அவர் அந்த இடத்தை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"கடலுக்குன்னு சொல்லி என்னமோ சாமானெல்லாம் எறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள் பூங்கோதை. "சராசரியண்ணன் பின்னறைக்குப் போனவரு வரவே இல்லீங்க. நானும் எட்டிப் பாத்தேன். அப்புறம் உங்களுக்காகத்தான் நிக்கறேன். தனியாப் பாக்க மனசு வரல."

"வேல போயிருச்சு பூங்கோத."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என் நிமிர்ந்த தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாங்க, மொதல்ல வந்து பாருங்க" என்றாள்.

பின்னறையில் கடையின் மெத்தை விரித்திருந்தது. அதற்கு முன்னால் பெயர்த்த டைல்ஸைப் பதித்திருந்தார்கள். டைல்ஸுக்கு அந்தப் பக்கம் கடல் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். என் சாய்வில் நின்றது. மெத்தையின் நட்ட நடுவில் சராசரியண்ணன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

கடல் முதல் அலையை எடுத்து எங்கள் முன்னால் உதறி விரித்தது.

அது விடியற்காலை அலை. வெளிர் சாம்பல், ஓரத்தில் ரோஜா நிறம். கொஞ்ச நேரம் காட்டிவிட்டு ஒதுக்கி வைத்தது. அடுத்தது மழை பெய்கிற அலை. மழை அந்த அலைமேல் மட்டும் பெய்தது. எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. அடுத்தது ராத்திரி அலை. அதற்குள் ஒளிவிடும் பூச்சிகள் கோடிக்கணக்கில் எரிந்தன. கடல் அதைப் புரட்டிப் பின்பக்கத்தையும் காட்டியது. பின்பக்கமும் எரிந்தது.

இவை எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். பரீட்சை எழுதியிருக்கிறேன். நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மறந்துபோன பெயர்கள் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. ஒவ்வோர் அலைக்கும் அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கடல் ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் குனிந்தது. இருபது வருடமாக இதற்குள் காலை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறேனே என்று கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கவில்லை. பக்கத்தில் அவ்வளவு உப்புத் தண்ணீர் இருக்கும்போது யாருக்குத் தெரியப்போகிறது.

பிறகு எனக்குப் பெயர் தெரியாத அலைகள் வரத் தொடங்கின. வெயிலே படாத ஆழத்து அலை. மீன்கள் உண்டாவதற்கு முந்தைய அலை. ஒரு கரையிலும் இதுவரை மோதாத அலை. அதை விரிக்கும்போது கடலே கொஞ்சம் தயங்கியது. சாதாரணமாக யாருக்கும் எடுத்துக் காட்டாத சரக்கு என்று எனக்குப் புரிந்தது. நான் மெத்தையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மொத்தத்துல..." என்று ஆரம்பித்தார் சராசரியண்ணன். அவரால் முடிக்க முடியவில்லை.

அடுத்து வந்த அலை ஊதா நிறம். அதன் முந்தானை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பூங்கோதை முன்னால் சாய்ந்து அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அடுத்து என்ன சொல்வார்கள் என்றும் தெரியும்.

"ஏனுங்க" என்றாள். "இது அம்சமா இருக்குதுங்க. பேசாம இதையே..."

நான் எட்டி அவள் கையைப் பிடித்தேன். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். விளக்கை அணைத்துவிட வேண்டும். அதுதான் அந்த வேலையின் முறை. கடல் வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள்.

"சொல்லாத" என்றேன். பிறகு கடலைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

"மனசுக்குப் பத்தலீங்க" என்றேன். "வேற இருந்தாக் காட்டுங்க."

கடல் முகம் சுளிக்கவில்லை. ஊதாவை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் அடுத்ததை எடுத்து வந்தது.